ஒரே அச்சு, பல பெயர்கள்

மாதிரி ரயில் என்றதும் நம் கண் எஞ்சினைத் தேடுகிறது. ஆனால் அமெரிக்க இருப்புப்பாதைகளின் வாழ்வைச் சுமந்து சென்றவை சரக்குப் பெட்டிகளே. அவற்றை 160இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் ‘என்’ அளவு மாதிரிகளைப் பற்றி நமக்கொரு மனக்குறை உண்டு. தரம் உயர்ந்திருக்கிறது, தேர்வுதான் தடம் புரண்டிருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் நூரெம்பர்கின் அர்னால்டு நிறுவனம் இவ்வளவைப் பரவலாக்கியது. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். நெடுங்காலம் சக்கர விளிம்புகள் ‘பீட்சா வெட்டும் தகடு’ என்று கேலி பேசும்படி பெருத்திருந்தன. இணைப்புக் கொக்கிகள் துருத்தி நின்றன. இன்றைய நல்ல மாதிரிகளில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. கொக்கி அசலின் சாயல் பெற்றிருக்கிறது. பெட்டியின் சிற்றெழுத்தையும் உருப்பெருக்கியில் வாசிக்க முடிகிறது.

எல்லாவற்றையும் அளவு பிசகாமல் சுருக்கிவிட முடியாது என்பதும் உண்மையே. நாற்பது அடி மூடுபெட்டியின் வெற்று எடை ஏறத்தாழ 20 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 160 மடங்கு குறையும்போது எடை 40,96,000 மடங்கு குறைந்து ஐந்து கிராமில் வந்து நிற்கும். அத்தனை இலேசான பெட்டி வளைவில் எளிதில் கவிழும். ஆகவே அமெரிக்காவின் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் அரை அவுன்சோடு நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.15 அவுன்ஸ் கூட்டச் சொல்கிறது. மூன்று அங்குலப் பெட்டிக்கு அது சுமார் 27 கிராம். ஓடுவதற்காகச் சொல்லப்படும் இப்பொய்யை நாம் மனமார ஏற்கிறோம்.

விற்பதற்காகச் சொல்லப்படும் பொய் வேறு. எஃகு அச்சு வெட்டுவது பெருஞ்செலவு. வண்ணத்தை மாற்றுவது சிறுசெலவு. புல்மேன்-ஸ்டாண்டர்டு 1947இல் அறிமுகப்படுத்திய பிஎஸ்-1 பெட்டிக்கு அச்சு இருந்தால் போதும்; அவ்வகைப் பெட்டியை வாங்கியே இராத கம்பெனியின் பெயரும் அதன்மேல் ஏறிவிடுகிறது. கதவின் அகலமும் கூரையின் அமைப்பும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற துணிவு! 1966 முதல் புதிய மூடுபெட்டிகளில் கூரை நடைபலகை கைவிடப்பட்டது. அதற்குப் பின் கட்டப்பட்டதாக எழுத்துப் பொறித்த மாதிரியில் அப்பலகை நிற்குமானால், அதை நம் இலக்கண ஆசிரியர்கள் காலவழு என்றே சொல்வர்.

அசல் ரயிலில் மிகுந்திருந்தவை மண்சிவப்பு மூடுபெட்டிகளும் கரி சுமந்த ஹாப்பர்களும். கடையிலோ பண்டிகைச் சித்திரமும் நினைவுச் சின்னமும் தாங்கிய பெட்டிகள் முன்வரிசையில் நிற்கின்றன. முன்பதிவுக்கேற்பச் சிறு எண்ணிக்கையில் வார்க்கும் வழக்கமும் சேர்ந்துகொள்ள, அசலில் மலிந்தது மாதிரியில் அரிதாகிவிடுகிறது.

சேகரிப்போர் பணம்தான் புதிய அச்சுகளுக்கு வழி செய்கிறது என்பர். மறுக்கவில்லை. நாம் கேட்பவை இரண்டே. இருபது ஹாப்பர் கொண்ட வண்டிக்கு இருபது வெவ்வேறு எண்கள் வேண்டும். எளிய பெட்டியைப் பல எண்களில் தரட்டும். உடல் அசலுக்குரியதா, அசலுக்கு அண்மையதா என்பதை உறையிலேயே அச்சிடட்டும். ஏட்டில் இல்லாத சொல்லைத் தாம் சேர்த்தால் நல்ல பதிப்பாசிரியர் அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவார். அந்த நேர்மை மூன்று அங்குலப் பெட்டிக்கும் பொருந்தும்.