டிப்ளோமாவும் கறுப்புக் கோட்டும்

பொரளையில் எங்கள் வீட்டுக்கு அருகே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பத்திரிகை விளம்பரம் ஒன்றைச் சென்ற வாரம் என்னிடம் நீட்டினார். சட்ட டிப்ளோமா, ஓராண்டு, தவணை முறையிலும் பணம் செலுத்தலாம்.

“ஐயா, மகள் இதைப் படிச்சா கோட்டில வழக்குப் பேசலாம்தானே?”

பேச முடியாது என்றேன். முற்பணம் கட்டி இரண்டு நாளாகியிருந்தது.

இலங்கையில் சட்டப் பட்டமே தனித்து நின்று வழக்காடும் உரிமையைத் தருவதில்லை. டிப்ளோமா எங்கே தரப்போகிறது? உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த பிறகே அவ்வுரிமை கிடைக்கும். (எங்கள் உயர் நீதிமன்றம், தமிழக வாசகர்களின் உச்ச நீதிமன்றத்துக்கு நிகரானது.) அதற்கான வாசல், 1874இல் தோன்றிய புதுக்கடைச் சட்டக் கல்லூரி. நுழைவுப் பரீட்சை, மூன்றாண்டுப் படிப்பு, பின்னர் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் தொழிற்பயிற்சி. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் சட்டமாணிகளுக்கு நுழைவுப் பரீட்சை இல்லை. ஆயினும் கல்லூரியின் பரீட்சைகளை அவர்களும் எழுதியே ஆகவேண்டும்.

அப்புக்காத்து என்றும் பெறக்கிராசி என்றும் இரு பிரிவினர் இருந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளே. பெயர் ஒன்றானது, குழப்பம் தீரவில்லை.

டிப்ளோமாவை நான் இழிவாகச் சொல்லவில்லை. வங்கியாளருக்கும் நிருவாக அலுவலருக்கும் அது பயன்படும். நீதிமன்றச் செய்தி எழுதத் தொடங்கிய நாட்களில் எனக்கு அப்படியொன்று இருந்திருந்தால் சில பிழைகளைத் தவிர்த்திருப்பேன். ஆனால் ‘இது வழக்காடும் தகுதி அன்று’ என்ற ஒரு வரி விளம்பரத்தில் இருக்க வேண்டாமா? அவ்வரியைக் கேட்டுப் பெறும் கடமை பத்திரிகைகளுக்கும் உண்டு. இத்தகைய விளம்பரங்களுக்கு மேலேதான் என் கட்டுரைகளும் அச்சாகின, நானும் கேட்டதில்லை.

நண்பரின் மகள் உயர்தரத்தைத் தமிழில் படித்தவள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கான விதி 2020 டிசம்பரில் வர்த்தமானியில் வெளியாகி, 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. அவளைப் போன்றோருக்கு அது சிறிய செய்தியன்று. நுழைவுப் பரீட்சைக்குத் தயாராகச் சொல்லுங்கள் என்றேன்.

“கட்டின காசு?”

பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பணம் மீளளிக்கப்படமாட்டாது என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.