மரநாயும் மனிதரும்

ஊர் பெருகுவது நன்மையே. ஆயினும், அவ்விடத்தில் முன்பே வாழ்ந்த உயிர்கள் எங்கே செல்லும் என எண்ணுவோர் சிலரே. கோயம்புத்தூர் 1981-இல் மாநகராட்சியாயிற்று. 2011-இல் அதன் பரப்பு ஏறத்தாழ 105 சதுரக் கிலோமீட்டரிலிருந்து 257 ஆக விரிந்தது. தோட்டங்கள் பல மனைகளாயின. காவிரிக்கரையிலுள்ள கொடுமுடி போன்ற பேரூர்களிலும் தென்னந்தோப்பை ஒட்டியே வீடுகள் எழுகின்றன. மரப்பொந்தை இழந்த மரநாய், ஓட்டுக் கூரையின் இடுக்கையே பொந்தாகக் கொள்கிறது.

பெயரில் நாய் இருப்பினும், மரநாய் நாயினம் அன்று, புனுகுப்பூனைக்கு உறவானது. பகலில் உறங்கி, இரவில் இரை தேடுவது. பழம், பூச்சி, எலி, முட்டை ஆகியன அதன் உணவு. பனையில் கட்டிய கலயத்துச் சாற்றையும் விரும்பிப் பருகும். அதனால் விளையும் தொல்லையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. கூரைமேல் ஓடி உறக்கத்தைக் கெடுக்கும். எச்சத்தால் நாற்றம் உண்டாக்கும். காவலற்ற கோழிக்கூட்டில் புகுந்தால் ஏழையின் முதலே அழியும். ஆதலின், "கொல்லுங்கள், இல்லையேல் தொலைவில் கொண்டுபோய் விடுங்கள்" என்று சினந்து கூறுவோரின் துன்பம் மெய்யானதே. ஆனால், அவ்விரு வழிகளும் தக்கன அல்ல.

மரநாயைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். அன்றியும், அது எலிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது. உண்ட பழங்களின் விதைகளை எச்சத்தோடு பரப்பி மரம் வளர்க்கிறது. தொலைவில் விட்டாலோ, கூரையின் இடுக்கு அப்படியே இருக்கும். அதில் மற்றொரு மரநாய் குடிபுகும்.

விலங்குகளை இடம் மாற்றுவதன் விளைவை ஜெர்மனி நாட்டில் காணலாம். வட அமெரிக்காவுக்குரிய ரக்கூன் என்னும் விலங்கில் இரண்டு இணைகளை 1934-இல் எடர் ஏரிக்கரையில் விட்டனர். அவை பெருகின. இன்று அருகிலுள்ள காசல் நகரத்து வீட்டுக் கூரைகளிலும் ரக்கூன்கள் வாழ்கின்றன. அவற்றை அகற்ற வழியின்றி மக்கள் இடர்ப்படுகின்றனர்.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? உணவும் உறைவிடமும் கிடைக்கும் இடத்தையே விலங்கு நாடும். எனவே, எச்சில் உணவை மூடிய தொட்டியில் இடுதல் வேண்டும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே அகற்றுதல் வேண்டும். கோழிக்கூட்டிற்கு உறுதியான கம்பிவலை அடித்தல் வேண்டும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டி, இடுக்குகளை அடைத்தல் வேண்டும். உள்ளே குட்டிகள் இருக்குமாயின், அவை வளர்ந்து வெளியேறும் வரை பொறுத்தல் வேண்டும். தாயைப் பிரிந்த குட்டிகள் உள்ளேயே மடிந்துவிடும். மரநாயைக் கையால் பிடித்தலோ சீண்டுதலோ கூடாது. கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். தொல்லை மிகின் வனத்துறையினருக்கு அறிவித்தலே முறை.

இவை ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிப்பன அல்ல. ஒருவர் தொட்டியை மூட, அடுத்தவர் தெருவில் உணவைக் கொட்டினால் பயன் யாது? தெருவார் அனைவரும் கூடிச் செய்தல் வேண்டும். மாணவர்களே, இப்பணியை நீங்கள் உங்கள் வீட்டிலேயே தொடங்கலாம். மரநாயின் மரங்களை எடுத்துக்கொண்ட நாம், நம் கூரையைச் செப்பனிட்டுக் கொள்ளும் சிறு முயற்சிக்கேனும் கடமைப்பட்டவர்கள் அல்லமோ?