பிள்ளைகளின் கையில் குடும்பத்தின் சாவி



ஜூன் மாதம் பிறந்தால் நம் காவிரி டெல்டாவில் இரண்டு திறப்புகளை எதிர்பார்த்திருப்போம். ஒன்று, குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறப்பு. மற்றொன்று பள்ளிக்கூடம் திறப்பு. தண்ணீர் சில ஆண்டுகளில் தாமதித்து வந்ததுண்டு. பள்ளிப் படிவங்கள் ஒருபோதும் தாமதித்ததில்லை. பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், சாதி, மதம், பெற்றோரின் வருமானம், வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், இரத்தப் பிரிவு எனக் கட்டங்கள் நீண்டுகொண்டே போகின்றன. மாநில அரசின் எமிஸ் தளத்திற்கு ஒன்று, மத்திய அரசின் 'அபார்' மாணவர் எண்ணுக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று.

இவற்றையெல்லாம் நிரப்புவது யார்? நம் ஊர்களில் பல வீடுகளில் அந்தப் பிள்ளையேதான். பள்ளிப் படிவத்தை மட்டுமல்ல, வீட்டின் எல்லாப் படிவங்களையும் அவர்களே நிரப்புகிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிய வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். அப்பா களத்தில் நெல்லைக் காத்துக் கிடக்கிறார். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்வது எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பத்தின் கணக்குப்பிள்ளை அவள்தான். சாவி அவள் கையில் இருக்கிறது. அதை எப்படிக் காப்பது என்று நாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

சட்டம் சொல்வது

2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறுவோருக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. ஒப்புதல் உள்ளிட்ட முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் தரப்பட்டது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் நம் மண்ணில் ஒரு முரண்பாடு எழுகிறது. பிள்ளைக்காகப் பெற்றோர் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது சட்டம். இங்கோ பெற்றோருக்காகப் பிள்ளையே ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறது! கையெழுத்து அப்பாவுடையது, முடிவு மகளுடையது. எனவே பிள்ளைக்குக் கற்பிக்காதவரை, இந்தப் பாதுகாப்பு நம் சிற்றூர்களில் ஏட்டளவிலேயே நிற்கும்.

நடந்தவை சில

கொரோனா காலத்தில் பாடங்கள் கைப்பேசிக்கு வந்தன. அப்போது 49 நாடுகளில் பயன்படுத்தப்பட்ட 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022 மே மாதம் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஊறு செய்யும் வகையில் விவரங்களைக் கையாண்டதாக அது கூறியது. நம் மத்திய அரசின் 'தீக்ஷா' செயலியில் பதிந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும், ஏறக்குறைய ஆறு இலட்சம் மாணவர்களின் விவரங்களும் பூட்டப்படாத ஒரு சேமிப்பகத்தில் கிடந்தது 2023 ஜனவரியில் தெரியவந்தது. திருட யாரும் பூட்டை உடைக்கத் தேவையில்லை. கதவே திறந்துதான் இருந்தது.

ஆனால் தரவு என்றதும் கணினியை மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் சில. இதுவும் தரவுப் பாதுகாப்புதானே? உதவித்தொகைக்காக, "இந்த வகுப்பினர் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பறையில் சொல்லும் ஒரு நிமிடத்தில், ஒரு பிள்ளையின் விவரம் நாற்பது பேருக்குக் கசிந்துவிடுகிறது. கிறிஸ்தவராக இருப்பதாலேயே பட்டியல் சாதி உரிமையை 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் இழந்து நிற்கும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை! சாதி, மதம் என்ற இரண்டு கட்டங்கள் ஒரு வாழ்வை எப்படி மாற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் வீட்டைப் பார்ப்போம்

விவரங்களைக் காப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அந்நியர் கைக்குப் போகாமல் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 535. ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையைச் சட்டம் 220 உறுதி செய்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பதிவேட்டை இரும்பு அலமாரியில் பூட்டும் நாமே, புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்களை முழுப்பெயரோடும் ஊரோடும் முகநூலில் ஏற்றிவிடுகிறோம். நோயுற்ற சிறுமிக்காகச் செபிக்கச் சொல்லி, அவளுடைய மருத்துவ அறிக்கையையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். அந்தச் சிறுமியை ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கப்படாமலே வளரும் பிள்ளை, நாளை யாரோ கேட்காமல் எடுக்கும்போது அதைத் தவறென்று எப்படி உணரும்? கற்பித்தல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என்ன கற்பிப்பது?

இதற்குக் கணினி ஆய்வகம் தேவையில்லை. நன்னெறி வகுப்போ ஞாயிறு மறைக்கல்வியோ போதும். படிவம் எதுவானாலும் நான்கு கேள்விகள் கேட்கப் பழக்குவோம். கேட்பவர் யார்? எதற்காகக் கேட்கிறார்? தராவிட்டால் என்ன ஆகும்? வேலை முடிந்தபின் இதை என்ன செய்வார்?

அடுத்து, கூட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம். பிறந்தநாள் படத்தில் தேதி தெரிகிறது. சீருடையில் பள்ளி தெரிகிறது. பின்னணியில் தெருப் பலகை தெரிகிறது. தனித்தனியே ஒன்றுமில்லை; கூட்டினால் ஒரு பிள்ளை எந்த நேரத்தில் எங்கிருக்கும் என்பதே கிடைத்துவிடும். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் முன்பின் தெரியாத கல்லூரிகள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகின்றனவே, எண் எப்படிப் போயிற்று என்று பிள்ளைகளையே தேடச் சொல்லலாம். 'இலவச வழிகாட்டி முகாமில்' தாங்களே எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வரக்கூடும்.

கைத்தொழிலாகவும் சில உண்டு. ஆதார் நகல் கொடுக்கும்போது, ஏற்பவர்களிடம் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். நகலின் மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதலாம். நெல் பணமோ உரிமைத் தொகையோ ஏறும் நேரம் பார்த்து, "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்பவரிடம் ஓ.டி.பி. சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் மிரட்டல்களுக்கு 1098 உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாந்துவிட்டால் அடி விழும் என்று பயப்படாமல் வீட்டில் சொல்லும் துணிவு வேண்டும். அந்தத் துணிவைத் தர வேண்டியவர்கள் பெற்றோர்.

தாவீது அரசர் தம் மக்களைக் கணக்கெடுத்த நிகழ்வை சாமுவேல் இரண்டாம் நூலின் 24-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வேண்டாம் என்று யோவாபு தடுத்தும் அரசர் கேட்கவில்லை. பின்னர் அவரது உள்ளமே அவரை வாட்டியது. மக்களைத் தம் பலத்தின் எண்ணிக்கையாகப் பார்த்ததே குற்றமாயிற்று. நல்லாயனும் தம் ஆடுகளை அறிந்திருக்கிறார்; ஆனால் பெயர் சொல்லி அழைக்க, வழிநடத்த, அவற்றுக்காக உயிரைக் கொடுக்க அறிந்திருக்கிறார். அறிவது ஒன்றுதான், நோக்கம் வேறு.

நம் பிள்ளைகளின் விவரங்களைக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் இந்த வேறுபாட்டைத் தேடுவோம். முதலில் நம்மிடமே தேடுவோம். வரும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் படம் எடுக்கும் முன், "எடுக்கலாமா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளை "வேண்டாம்" என்றால் மகிழ்ச்சியோடு கேமராவைத் தாழ்த்துவோம். அன்று முதல் பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.