புத்தகத்தை மூடிய பிறகுதான் படிப்பு

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து தமிழக அரசு ரத்து செய்திருக்கிறது. 2017-18இல் அதைக் கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணமே, பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பேருக்குத் தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த வழக்கம்தான். அதற்குப் பேர்போனவை நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள். பழையபடி ஆகிவிடுமோ என்ற கவலை நியாயமானது. ஆனால் ‘பிராய்லர் பள்ளி’ என்று அவற்றைத் திட்டுகிறவர்களும், கடன் வாங்கியாவது பிள்ளையை அங்கே சேர்க்கிறவர்களும் ஒன்றை மட்டும் சேர்ந்தே நம்புகிறார்கள்: விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் மார்க் வரும் என்று. அந்தப் பள்ளிகளின் மார்க்குக்குப் பெரிய காரணம் உட்கார்ந்திருந்த நேரம் என்று நான் நினைக்கவில்லை. அன்றாடம் வைத்த சிலிப் டெஸ்ட்தான் காரணம். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்க்கும் அந்த ஒரு பழக்கத்துக்கு விடுதியும் வேண்டாம், லட்ச ரூபாயும் வேண்டாம்.

இந்தப் பழக்கம் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கே இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம், எழுதியவர்களிடம் 61. திரும்பத் திரும்பப் படிக்கும் பிள்ளை ‘எல்லாம் தெரியும்’ என்று நம்பிப் போய்ப் பரீட்சையில் தடுமாறுவது ஏன் என்பதற்கு இந்த ஐந்து நிமிடத்திலேயே பதில் இருக்கிறது. உளவியலாளர் ஜான் டன்லோஸ்கியின் குழுவினர் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் முன்னால் நின்றன. திரும்ப வாசிப்பதும் அடிக்கோடு போடுவதும் பின்னால் போயின.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதயத்தின் அமைப்பைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடிவிட்டு ரஃப் நோட்டில் நான்கு அறைகளையும் வரைகிறாள். மூவிதழ் வால்வு வலப்பக்கமா இடப்பக்கமா என்று சந்தேகம் வருகிறது, இடப்பக்கம் போட்டுவிடுகிறாள். புத்தகத்தைத் திறந்து, வலப்பக்கம் என்று பார்த்துச் சிவப்பு மையில் திருத்துகிறாள். மறுநாள் அதை மட்டும் மறுபடி வரைகிறாள், அடுத்த வாரம் இன்னொரு முறை. பத்து நிமிட வேலைதான். பாடத்தை ஐந்து தடவை வாசித்தாலும் அந்தச் சந்தேகம் அவளுக்கு வந்திருக்காது. மார்க் குறையும் இடம் எது என்று பரீட்சைக்கு முன்பே காட்டிக்கொடுப்பது அந்தச் சிவப்புத் திருத்தம்தான்.

‘இதுவும் மனப்பாடம்தானே, பிள்ளைகளுக்கு டெஸ்ட் போதாதா?’ என்று கேட்கலாம். பள்ளியில் நடக்கும் டெஸ்ட் மார்க் போடுவதற்கு; குறைந்தால் எல்லார் முன்னாலும் நிற்க வேண்டும். நான் சொல்வதற்கு மார்க்கும் இல்லை, அவமானமும் இல்லை. கேள்விக்குப் பதிலை வரிக்கு வரி ஒப்பிக்காமல் ‘ஏன்’, ‘எப்படி’ என்று சொந்த வார்த்தையில் எழுதிப் பார்த்தால் புரியாத இடமும் தெரிந்துவிடும். பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி கேட்கும் நீட் போன்ற தேர்வில், புரியாமல் உருப்போட்டது எவ்வளவு தூரம் வரும்? இதைவிடக் கனமான கேள்வி வீட்டைப் பற்றியது. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடும் வீட்டில், அந்தச் சத்தத்தில், பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? மறுக்க முடியாத நியாயம் இது. ஆனால் நீண்ட நேர அமைதி கிடைக்காத பிள்ளைக்குத்தான், கிடைக்கிற இருபது நிமிடத்துக்கு முழுப் பலன் தரும் முறை அதிகம் தேவைப்படுகிறது.

அந்த இருபது நிமிடத்தையும் வீட்டின் தலையில் கட்டாமல் பள்ளியே தரலாம். அரசுப் பள்ளிகளில் மாலைச் சிறப்பு வகுப்பில் இன்னொரு முறை பாடம் நடத்துவதற்குப் பதிலாக, அன்றைய பாடத்தையும் போன வாரப் பாடத்தையும் பார்க்காமல் எழுத விட்டு, பிள்ளைகளே திருத்திக்கொள்ளச் செய்யட்டும். அந்தத் தாளுக்கு மார்க் போட வேண்டாம். பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ‘எவ்வளவு நேரம் படிச்ச?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘புத்தகத்த மூடி வெச்சுட்டு, இன்னைக்கு என்ன படிச்சன்னு சொல்லு கண்ணு’ என்று கேட்கட்டும். அதைக் கேட்க அவர்களுக்கு அந்தப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.