ஒரிஜினல் பத்திரமா இருக்கா?

சென்ற வருஷம் ஒரு புகைப்படப் போட்டிக்கு, என் மாமியார் சின்னவளுக்குத் தலை பின்னிவிடும் படத்தை அனுப்பியிருந்தேன். போனில் எடுத்ததுதான். கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டதாகவும், ஒரிஜினல் ஃபைலை அனுப்பும்படியும் பதில் வந்தது. எங்கே அனுப்புவது? 'போனில் இடமில்லை' என்று நானே அழித்திருந்தேன்! நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிதான் மிச்சம். அது செல்லாது என்றுவிட்டார்கள்.

காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். எடுத்த தேதி, காமிரா விவரமெல்லாம் போய்விடும். ஒட்டுவேலை எதுவும் செய்யவில்லை என்பதற்கு ஒரிஜினல்தானே சாட்சி? 2015-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் ஒரிஜினலோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடைசிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் 20 சதவீதத்தைத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது நான் ஒரிஜினலைத் தொடுவதே இல்லை. நகல் எடுத்து, வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது எல்லாம் அதில்தான். ஒரிஜினல் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாகுமெண்ட்' ஆக அனுப்புகிறேன்; அப்படியே போய்ச் சேரும்.

பரிசு போனால் போகட்டும். இந்தத் தை மாதம் மாமியார் காலமாகிவிட்டார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டலாமென்றால், ஸ்டூடியோக்காரர், "இதைப் பெரிசாக்கினா முகமே தெளிவா வராதும்மா" என்கிறார்.

சகோதரிகளே, போனில் இடம் பண்ணுமுன் ஒரிஜினலை வேறிடத்தில் சேர்த்துவிடுங்கள்.