அளக்கிற உரிமையும் நம்முடையதே

கடலை அளக்கிறார்கள், காற்றை அளக்கிறார்கள். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏறி, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. இந்தியாவின் மிதவைக் கணக்கு ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. நம்ம பள்ளிக்கரணையிலேயே தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1901லிருந்து 2018க்குள் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று நமக்குத் தெரிவது இந்த மாதிரி உழைப்பால்தான். இதை நான் குறைத்துப் பேச வரவில்லை. நான் கேட்பது வேறு. எதை அளப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அளந்த கணக்கு யார் கைக்குப் போகிறது?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு எண்ணெய் கரை ஒதுங்கியது. காற்றையும் நீரோட்டத்தையும் கணினியில் போட்டு, எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று ஐதராபாத்தில் கணித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் இங்கே கரையில் என்ன நடந்தது? சனங்க வாளியால அள்ளினாங்க. பலருக்குக் கையுறைகூட இல்லை. எண்ணெய் எங்கே போகும் என்று கணிக்க ஒரு விஞ்ஞானம் இருந்தது. அதை அள்ளுகிற கையின் தோலுக்குள் என்ன போகும் என்று அந்தக் கைக்காரனிடம் சொல்ல எந்த விஞ்ஞானமும் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலையிலிருந்து எண்ணெய் கலந்து வந்தது. கொசஸ்தலை முகத்துவாரம், வலைகள், படகுகள், வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்து சனங்க மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. ஆலை வாசல் காற்றில் கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம். இருக்கலாம் என்ற அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். இருக்கலாம் என்ற அளவு 5. எண் சரிதான். ஆனால் கருவிக்கு முன்னாடி அளந்தது நம்ம மூக்கு. மூக்கு சொன்னதை யாரும் பதிவேட்டில் எழுதவில்லை.

இது நேற்றைய கதையும் அல்ல. 1876இல் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கியபோதே, தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலைச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. நகரத்துக்கு உலாவ மணல் கிடைத்தது. நமக்குக் கிடைத்தது கருங்கல். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்கு மாசுக் குறியீடு போட்டது: 76.32. 70ஐத் தாண்டினாலே மிக மோசம் என்பது அவர்கள் கணக்கு. வடசென்னைக்கு எண்கள் பஞ்சமே இல்லை. எண் வந்த பிறகு என்ன மாறியது என்பதுதான் பஞ்சம்.

இது ஏன் சாதிக் கேள்வி என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். துறைமுகத்திலும் ஆலையிலும் மூட்டை தூக்க வந்த நம் சனங்கள், முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள், மீனவக் குப்பங்கள்: இவர்கள் வாழ்கிற இடத்தில்தானே சாம்பல் குளமும் புகைபோக்கியும் வந்தன? ஊரின் அழுக்கைச் சேரிப் பக்கம் தள்ளுவது இந்த நாட்டின் பழைய நகரத் திட்டம். புகைபோக்கி புதுசு, புத்தி பழசு.

அம்பேத்கர் 1927இல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீரைத் தொட்டது தாகத்துக்காக மட்டும் அல்ல. பொதுச் சொத்து எல்லோருக்கும் என்று நிறுவுவதற்காக. அதே அம்பேத்கர் 1942லிருந்து 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, ஆறுகளை ஆராய்ந்து திட்டமிட 1945இல் ஒரு மத்திய நீர் ஆணையம் அமையக் காரணமாக இருந்தார். தொடுகிற உரிமையும் அளக்கிற அறிவும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. நமக்கு மட்டும் ஏன் இரண்டும் பிரிந்து கிடக்கின்றன? விஞ்ஞானம் அவங்களது, அனுபவம் நம்மளது என்று பிரித்துக்கொடுத்தால், வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாமா?

சும்மா இருக்காதவர்கள் உண்டு. 2004இல் கடலூர் சிப்காட் கிராமத்து மக்கள் எந்த நேரத்தில், எந்தக் காற்றில், என்ன நாற்றம் வந்தது என்று நோட்டில் எழுதினார்கள். ஒரு வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அதே வாளிதான் தோழர்களே. எண்ணூரில் நாம் எண்ணெய் அள்ளினோம். அங்கே அவர்கள் சாட்சி அள்ளினார்கள்.

ஆகவே நாம் கேட்பது இவை. காற்று, நீர் அளவுகளைத் தமிழில், தெருமுனைப் பலகையில் எழுது. மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூட நிற்கட்டும். மண்ணையும் மீனையும் சோதித்தது போதாது, எங்கள் நுரையீரலையும் தோலையும் தொடர்ந்து சோதி. முடிவை எங்களிடமே கொடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வேதியியலும் கடலியலும் படியுங்கள். வேலைக்காக மட்டும் அல்ல. ஆலைக்காரன் ஒரு அறிக்கையை நீட்டும்போது, "இந்தக் கணக்கு தப்பு, இது எங்கள் கணக்கு" என்று எண்ணூரிலிருந்தே ஒரு குரல் எழ வேண்டும். அந்தக் குரல் வரும்வரை நாம் அவர்கள் அறிக்கையில் ஒரு மாதிரியாக மட்டுமே இருப்போம்.

நோட்டு வாங்குங்கள். இன்று ராத்திரி வருகிற நாற்றத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.