கார்த்திகைப் பூவும் கைக்குழந்தையும்

ஐப்பசி மழை நாலு நாள் கொட்டி ஓய்ந்ததும், நம்ம காரைக்கால் பக்கத்து வேலிகளில் ஒரு கொடி தலைகாட்டும். கார்த்திகை பிறந்ததும் தீ பற்றியது போலப் பூத்து நிற்கும். அதுதான் கார்த்திகைப் பூ, இலக்கியத்தில் செங்காந்தள். புதுச்சேரிக்கு நாகலிங்கப்பூ மாநில மலர் என்றால், எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டுக்கு இதுதான் மாநில மலர்!

இதன் வளர்ப்பே தனி அழகு, சகோதரிகளே. இலையின் நுனியே சுருண்டு வேலியைப் பற்றிக்கொள்ளும். இதழ்கள் ஆறு. முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும்.

காய் முற்றியதும் கொடி காய்ந்து மறைந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு தூங்கும். ஏர்க்கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும், கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வார்கள்.

கவனமாக இருக்கவேண்டியது இந்தக் காலத்தில்தான். பூ இருந்தால் செடி தெரியும். கோடையில் வேலி கொத்தும்போது வெறும் கிழங்குதான் கிளம்பி வரும். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு இலங்கையில் உயிர்கள் போயிருக்கின்றன. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது.

வேதாரண்யம், மூலனூர் பக்கங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அந்த விதையிலிருந்து கோல்சிசின் என்ற மருந்து எடுத்து, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்குக் கொடுக்கிறார்கள். மருந்தாவது மில்லிகிராம் கணக்கில்! நாமே அரைத்துக் கொடுப்பது விஷப் பரீட்சை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு யார் சொன்னாலும் வேண்டவே வேண்டாம்.

குழந்தை தவறிக் கடித்துவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வரும். 'அஜீரணம்தானே' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். அறிகுறிக்குக் காத்திராமல், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், மீதிக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பிறகு சிறுநீரகமும் இதயமும் கெடக்கூடும்; முடியும் கொட்டும்.

தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இந்தக் கொடி வேண்டாம். வயல் வேலியில் பூக்கட்டும், போய்ப் பார்த்து ரசிப்போம். வேலி கொத்தும் நாளில் மட்டும், வெளியே வந்த கிழங்கை எண்ணி எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் ஆழமாகப் புதைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.